மாமாவை ஆற்றில் இறக்கிய கதை

1

இந்தக் கதை ஒரு மருத்துவமனைப் படிவத்தின் ஏழாம் கேள்வியில் பிறந்தது. "குடும்பத்தில் இளம்வயதில் இறந்தவர் உண்டா? காரணம்?" எதிரே இரண்டங்குலக் கோடு. அந்தக் கோட்டில் நான் எழுதியதுதான் பிரச்சினை. அதை இப்போதே சொல்லிவிட்டால் நீங்கள் எழுந்து போய்விடுவீர்களோ என்று பயம். தொழில் புத்தி, மன்னியுங்கள்.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

இதயம் ஒரு நாளைக்கு ஒரு லட்சம் முறை துடிக்கிறது, ஆனால் அந்தச் சிறுவனின்

[அடித்துவிட்டேன். பள்ளிக்கூடப் பாடமா நடத்துகிறேன்?]

இரண்டாவது தொடக்கம்: அன்று காலை மழை

[மழையே பெய்யவில்லை.]

2

ஆட்கள் மொத்தம் நான்கு பேர். நான் பதிப்பகத்தில் மெய்ப்புத் திருத்துகிறவன். அடுத்தவர் பிழையைக் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறேன், மிச்ச நேரத்தில் கதை எழுதுகிறேன். அடுத்து என் தங்கை. அவள் மகனுக்கு ஒன்பது வயது. வயதுக்கு உருவம் சின்னது என்பதால் வீட்டில் அவன் பெயர் ஏலக்காய். பிறகு இதய மருத்துவர் அம்மாள், பேனாவைக் காதில் செருகிக்கொண்டு அதையே தேடுகிறவர்.

(ஐந்தாவதாக ஒருவர் இருக்கிறார். என் அம்மாவின் தம்பி, சின்ன மாமா. நான் பிறக்கும் முன்பே பதினான்கு வயதில் போய்விட்டார். அவரை எங்கே நுழைப்பது என்று தெரியாமல்தான் இந்தக் கதை இத்தனை நாள் கிடந்தது.)

ஏலக்காய்க்கு மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. ஸ்கேன் எடுத்தால் இதயத்தசை தளர்ந்து பெருத்திருந்தது. தங்கை அழுதுகொண்டே படிவத்தை என் பக்கம் தள்ளினாள். "நீதானே அண்ணா எழுதுற ஆளு, நீயே எழுதிடு."

நான் எழுதியதை மருத்துவர் படித்தார். "குடும்பத்துல யாருக்கும் இதயக் கோளாறு இல்ல. ஏதாவது வைரஸ் வந்துட்டுப் போயிருக்கும். மருந்து தர்றேன், பொறுத்துப் பார்ப்போம்."

எட்டு மாதம் பொறுத்துப் பார்த்தோம். எட்டாம் மாதம் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல்தானே என்று மூன்று நாள் வீட்டிலேயே மாத்திரை கொடுத்தோம். நாலாம் நாள் தீவிர சிகிச்சைப் பிரிவு. கிருமியை எதிர்க்கிற வெள்ளை அணுக்கள் அநியாயத்துக்குக் குறைந்திருந்தன. மருத்துவருக்குச் சந்தேகம் தட்டி, மரபணுச் சோதனைக்கு ரத்தம் எடுத்தார். மூன்று வாரத்தில் முடிவு வந்தது.

3

இனிக் கொஞ்சம் அறிவியல். இந்த இடத்தில் என் பாஷை நொண்டுகிறது; மருத்துவர் பேசியபடியே தருகிறேன். மாத்திரை அட்டையின் பின்பக்கம் படம் போட்டுச் சொன்னார்.

"ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் சக்தி தயாரிக்கிற அறைங்க இருக்கு, மைட்டோகாண்ட்ரியா. அதுக்குள்ள மடிப்பு மடிப்பா ஒரு சவ்வு. சக்தி தயாரிக்கிற புரதமெல்லாம் அந்தச் சவ்வுலதான் பதிஞ்சு நிக்குது. நிக்கணும்னா பிடிமானம் வேணுமில்ல? கார்டியோலிப்பின்னு ஒரு கொழுப்பு, அதுதான் பிடிமானம். அந்தக் கொழுப்பைப் பக்குவமா முடிச்சுக் கொடுக்க இன்னொரு புரதம் இருக்கு. உங்க பையனுக்கு அந்த ஒண்ணுதான் பழுது. கொழுப்பு அரைகுறையா நிக்குது, மத்ததெல்லாம் ஆட்டம் காணுது. இதயம் ஓயாம உழைக்கிற தசை, அதனால அது சீக்கிரம் சோர்ந்துடுது. கை கால்ல வலு குறையுறதும், வெள்ளை அணு குறைஞ்சு அடிக்கடி காய்ச்சல் வர்றதும் இதனாலதான்."

கட்டிலில் இருந்து ஏலக்காய், "எனக்குக் கொழுப்பு ஜாஸ்தின்னுதானே அம்மா தினம் திட்டுறாங்க?" என்றான். மருத்துவரே சிரித்துவிட்டார்.

பிறகு தங்கையைப் பார்த்தார். "இது அம்மா வழியா வரும். பெரும்பாலும் அம்மாவுக்கு ஒண்ணும் செய்யாது, பையன்களைத்தான் பிடிக்கும். உங்க அம்மா கூடப் பிறந்த ஆம்பளைங்கள்ல சின்ன வயசுலயே யாராவது?"

"ஒரு மாமா. ஆனா அவர் ஆத்துல மூழ்கிப் போனாரு. பெரிய நீச்சல்காரராம்."

அவளுக்கு அதைச் சொன்னது நான்.

4

சரி, சொல்லிவிடுகிறேன். மாமாவுக்கு நீச்சலே தெரியாது. என் சின்ன வயதில் அம்மா ஒரே ஒரு தடவை சொன்னாள். தங்கை அப்போது கைக்குழந்தை. மாமா நோஞ்சான். காலில் வலு இல்லை, அடிக்கடி காய்ச்சல். ஒருநாள் பள்ளிக்கூடப் படிக்கட்டில் பாதியில் உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. அவ்வளவுதான்.

இருபது வருடத்துக்கு முன்னால் என் முதல் கதைக்கு இந்தச் சாவு போதவில்லை. படிக்கட்டில் உட்கார்ந்து சாவதில் என்ன இருக்கிறது என்று நினைத்தேன், மடையன். மாமாவுக்கு அகலமான தோள் கொடுத்து, வெள்ளத்தை வரவழைத்து, ஆற்றில் இறக்கினேன். கதைக்குப் பரிசு கிடைத்தது. கூட்டங்களில் "எங்கள் வீட்டில் நடந்தது" என்று குரல் தழுதழுக்கச் சொன்னேன். சொல்லிச் சொல்லி நானே நம்பிவிட்டேன். ஏழாம் கேள்வி வந்தபோது கை யோசிக்கவே இல்லை: 'பாட்டியின் தம்பி, வயது 14, ஆற்றில் மூழ்கி.'

அம்மா இப்போது இல்லை. திருத்தச் சொல்ல ஆள் இல்லை.

தாழ்வாரத்தில் மருத்துவரைப் பிடித்து ஒப்புக்கொண்டேன்.

"கதை எழுதுங்க சார், யார் வேணாங்குறா? ஃபார்ம்ல எழுதாதீங்க."

"சரியா எழுதியிருந்தா...?"

"அன்னைக்கே கண்டுபிடிச்சிருப்பேன்னு சத்தியம் பண்ண முடியாது. ஆனா இந்த டெஸ்டை அப்பவே எழுதியிருப்பேன். காய்ச்சல்னா உடனே தூக்கிட்டு வாங்கன்னு சொல்லியிருப்பேன்."

அந்த மூன்று நாளும் மாத்திரை வாங்கி வந்தது நான்தான்.

5

முடிவுகள், இதுவரை எழுதிப் பார்த்தவை:

அ) ஏலக்காய் முழுசாகத் தேறுகிறான், தங்கை என்னை மன்னிக்கிறாள். [எழுதவே கூச்சமாக இருக்கிறது.]

ஆ) ஏலக்காய்

[மாட்டேன். கை வராது.]

இ) தங்கையிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. எல்லோரும் சௌக்கியம். [பத்து நாளாக இதில்தான் குடித்தனம் நடத்துகிறேன்.]

நிஜ நிலவரம்: பையன் வீட்டுக்கு வந்துவிட்டான். ஒரு பை நிறைய மருந்து. இதயம் கொஞ்சம் தேறியிருக்கிறது. இன்னும் தேறலாம், தேறாமலும் போகலாம். மருத்துவருக்கே தெரியாதது எனக்கு எப்படித் தெரியும்?

6

என் கதைகளுக்கு முதல் வாசகி எப்போதும் தங்கைதான். மேலே உள்ள ஐந்து பகுதிகளையும் அச்செடுத்து இன்று மதியம் அவளிடம் கொடுத்தேன். நேரில் சொல்லத் துப்பில்லை. சாப்பாட்டு மேசையில் எனக்கு எதிரே உட்கார்ந்து படித்தாள். மகன் பேசிய இடத்தில் சிரித்தாள். நான்காம் பகுதியை இரண்டு தடவை படித்தாள். கடைசித் தாளைக் கவிழ்த்து வைத்தாள்.

"அண்ணா, இந்த மாமா விஷயம்... கதைக்காகச் சேர்த்ததுதானே?"

ஆமாம் என்றால் நம்பிவிடுவாள். நம்புவதற்கு முகத்தைத் தயாராகவே வைத்திருந்தாள்.

"இல்லம்மா," என்றேன். "ஆறுதான் கதைக்காகச் சேர்த்தது."

அதற்கு அவள் என்ன சொன்னாள் என்பதை நான் எழுதப்போவதில்லை. உங்களுக்கு வேண்டுமானால், உங்கள் அண்ணன் எதிரே உட்கார்ந்து இதைச் சொன்னதாக நினைத்து, நீங்கள் சொல்லியிருக்கக்கூடியதை இங்கே எழுதிக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டு ஆட்கள் செய்யாததையெல்லாம் நான் எழுதியது போதும்.