அவருடைய இடது கை

“இன்னும் கொஞ்சம் உள்ள வா. அமுக்கு. ம்... இல்ல, தாண்டிட்ட.”

தையல்காரி விரலைப் பின்னுக்கு இழுத்தாள். தலையணைகளில் சாய்ந்திருந்த கணவரின் மடியில் கிட்டார். அவருடைய இடது கை வீங்கிப்போய் மெத்தைமேல் சும்மா கிடந்தது. வலது கைக்கு மட்டும் கம்பியை மீட்டுகிற அளவு தெம்பு மிச்சமிருந்தது. அதனால் இவள் அமுக்க, அவர் மீட்டுவார் என்று ஏற்பாடு.

ஸ்கேல் என்கிற ஒரே ஸ்வர வரிசையை, கட்டம் கட்டமாகப் பிரிந்திருக்கும் கிட்டாரின் கழுத்தில் ஐந்து இடங்களில் வாசிக்கலாம். ஐந்தும் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஒன்றிலிருந்து அடுத்ததற்குத் தாவும்போதுதான் தடுக்கி விழுவார். ஐந்தையும் நிற்காமல் ஒருதரம் கோத்துவிட வேண்டும் என்பது அவருடைய வெகுநாள் ஆசை. இன்றோ நாளையோ என்று டாக்டர் காலையில்தான் கைவிரித்துவிட்டுப் போயிருந்தார்.

“ஊர்ல இருக்கிற லிஃப்ட்டெல்லாம் ரிப்பேர் பண்ணி மாடி மாடியா ஆளேத்துனவரு. இந்தக் கிட்டார்ல நாலாவது மாடிக்கு ஏற முடியலையா?” என்றாள்.

“தாண்டுனது நீ. பழி எனக்கா?”

“துணி அளக்கிற கைங்க. எல்லாக் கட்டமும் ஒரே அகலம்னு நெனச்சுடுது.”

“உள்ள வர வர நெருங்கும். சுருக்கு வச்சுத் தைக்கிற மாதிரி நெனச்சுக்கோ.”

“இத மொதல்லயே சொல்றதுக்கு என்னவாம்?”

அவர் சிரித்தார். சிரிப்பு இருமலாகி அடங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இப்போது அழுதால் கை நடுங்கும் என்று அதை விழுங்கிக்கொண்டாள்.

மறுபடி தொடங்கினார்கள். முதல் இடம், இரண்டாவது, மூன்றாவது. நான்காவதற்குச் சுருக்கு வைக்கிற கணக்கில் விரலைக் குறைத்து நகர்த்தினாள். ஸ்வரம் சுத்தமாக விழுந்தது. அவர் புருவத்தை உயர்த்தினார். அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. வாசலில் காபியோடு வந்த கொழுந்தன் அங்கேயே நின்றுவிட்டான்.

ஐந்தாவது இடத்தில் பாதி ஏறியிருப்பார்கள். அவள் அடுத்த கட்டத்தை அமுக்கிக் காத்திருந்தாள். சத்தம் வரவில்லை. நிமிர்ந்து பார்த்தாள். அவருடைய தலை அவள் பக்கமாகச் சாய்ந்திருந்தது.

கொழுந்தன் டம்ளரை வைத்துவிட்டு ஓடிவந்தான். மூக்கருகே விரல் வைத்துப் பார்த்தான். மணிக்கட்டையும் பிடித்துப் பார்த்தான்.

“அண்ணி... போயிட்டாரு. விரல எடுங்க அண்ணி.”

“இருப்பா. கொஞ்சந்தான் பாக்கி.”

கையில் எடுத்த துணியை ஓரம் அடிக்காமல் அவள் ஒருநாளும் வைத்ததில்லை. வலது கையை அவருடைய கைக்குமேல் நீட்டி, விட்ட இடத்திலிருந்து தானே மீட்டினாள். ஒவ்வொரு கட்டமாக, அவசரப்படாமல், ஒன்றும் தப்பாமல் ஏறினாள். கடைசி ஸ்வரம் ஓயும்வரை விரலை எடுக்கவில்லை.

“இப்ப டாக்டருக்குப் போன் பண்ணு” என்றாள்.

கிட்டாரைத் தூக்கிக் கட்டிலின் மறுபுறம் சாய்த்தாள். அது அழுத்திக் கசங்கியிருந்த அவருடைய சட்டையை உள்ளங்கையால் நீவிவிடத் தொடங்கினாள்.