தெக்குத் தண்ணி

1

இந்தக் கதையில் பாதி, பேருந்தில் கேட்டது. வரிச்சிக்குடியில் ஏறிய பெண் ஒருத்தி, மடியில் வைக்க முடியாத பெரிய கயிற்றுச் சுருளோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கயிற்றில் உப்பு வாடை. "கொஞ்சம் கால நகத்திக்கிறீங்களாம்மா" என்றாள். நகர்த்திக்கொண்டேன். காரைக்கால் வந்து சேர்வதற்குள், கடல் தண்ணீரின் ஓட்டத்தில் மின்சாரம் எடுக்கப் பார்ப்பதாகவும், பத்தொன்பது நாளாக அது வரவில்லை என்றும் சொல்லி முடித்துவிட்டாள். முன்பின் தெரியாத ஒருத்தியிடம் இவ்வளவு சொல்கிறாள் என்றால், வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை என்று அர்த்தம்.

மீதிப் பாதி, எனக்கு மீன் கொண்டுவரும் அஞ்சுகம் சொன்னது. இரண்டும் ஒரே கதைதான் என்று எனக்கு உறைக்க ஒரு வாரம் ஆயிற்று. நடுவே இருந்த இடைவெளிகளை நான் இட்டு நிரப்பியிருக்கிறேன். எது எது என்று கேட்காதீர்கள், கண்ணுகளா. எனக்கே இப்போது கலந்துபோய்விட்டது.

2

முதல் தொடக்கம்: "கடல் அன்று அமைதியாக இருந்தது."

அடித்துவிட்டேன். கடல் அமைதியாக இருந்தால் இந்தப் பெண்ணுக்கு வேலையே இல்லை.

இரண்டாம் தொடக்கம்: "பெருங்கடல்களின் அலைகளிலும் நீரோட்டங்களிலும் உறங்கிக் கிடக்கும் ஆற்றலை மனிதகுலம்—"

எழுதும்போதே எனக்குக் கொட்டாவி வந்தது. உங்களுக்கு வராமலா இருக்கும்.

மூன்றாவது இருந்துவிட்டுப் போகட்டும்:

வினோதினிக்கு இருபத்தேழு வயது. வரிச்சிக்குடியில் நெல் போடும் குடும்பம். பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்கிறாள். கருக்களாச்சேரிக் கரையில் நின்றால் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில், ஏழு பாகம் ஆழத்தில் [பாகம் என்பது இரண்டு கையையும் விரித்து அளக்கும் கயிற்று நீளம், ஆறடி என்று வைத்துக்கொள்ளுங்கள்] அவளுடைய மஞ்சள் மிதவை நிற்கிறது. நான்கு பக்கமும் நங்கூரம். மிதவைக்கு அடியில், தண்ணீருக்குள், பெரிய புனல் ஒன்றைப் படுக்கப் போட்டது போல ஒரு கூடு. அகன்ற வாய் வழியாக நீரோட்டம் நுழைந்து, ஒடுங்கி, வேகம் கூடி, உள்ளே இருக்கும் சக்கரத்தைச் சுற்ற வேண்டும். சுற்றினால் மின்சாரம். எத்தனை வாட் என்பது பத்து நிமிடத்துக்கு ஒரு முறை அவள் கைபேசிக்கு வரும்.

வந்துகொண்டுதான் இருந்தது. பத்து நிமிடத்துக்கு ஒரு பூஜ்யம்.

வெள்ளிக்கிழமை ஆய்வுக் குழு கூடுகிறது. அதற்குள் சக்கரம் சுற்றாவிட்டால் மிதவையைத் தூக்கிவிட வேண்டும். இந்தக் கடலில் ஓட்டம் போதாது என்று எழுதிக் கோப்பை மூடிவிடுவார்கள். மூன்று வருட வேலை. இந்தக் கதையில் போகக்கூடியது அதுதான். வேறு எதையும் நான் முந்தானையில் முடிந்து வைத்திருக்கவில்லை.

3

அவளுடைய நெறியாளர் பெயர் சிதம்பரநாதன். இவரை முதலில் வில்லனாக எழுதினேன். தங்க விளிம்புக் கண்ணாடி மாட்டிவிட்டேன். மேசையைத் தட்டிப் பேச வைத்தேன். பிறகு பேருந்தில் அந்தப் பெண் சொன்ன ஒன்று நினைவுக்கு வந்தது. மிதவையைக் கடலில் இறக்கிய அன்று, அவர் படகில் ஏறியதும் வாந்தி எடுக்க ஆரம்பித்து, கரை திரும்பும்வரை எடுத்துக்கொண்டே இருந்தாராம். அப்படியும் ஒவ்வொரு முடிச்சாகத் தொட்டுப் பார்த்தாராம். அப்பேர்ப்பட்டவரை வைத்துக்கொண்டு நான் என்ன வில்லத்தனம் செய்வது? கண்ணாடியைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

தொலைபேசியில் அவர் கேட்டது இவ்வளவுதான்.

"புனலோட வாய் எந்தப் பக்கம் பார்த்து இருக்கு, வினோதினி?"

"வடக்க பாத்து சார்."

"ஓட்டம்?"

"வடக்கேருந்து தெக்க போவுது சார். நாப்பத்திரண்டு படகுக்காரங்கள்ட்ட கேட்டு எழுதியிருக்கேன். எல்லாரும் ஒரே பதில்."

"அப்ப ஏன் சுத்தல?"



[நீரோட்டத்தை அளக்கக் கருவி கிடையாதா என்று கேட்பீர்கள். உண்டு. பல்கலைக்கழகத்துக்கே ஒன்றுதான், அது வேறொரு ஆய்வோடு வேறொரு கடலில் இருந்தது. வானத்திலிருந்து எடுக்கும் வரைபடங்கள் கரைக்கு இவ்வளவு கிட்டத்தில் சரியாகச் சொல்லாதாம். அதனால்தான் நோட்டை எடுத்துக்கொண்டு படகு படகாகப் போனாள். "சித்திரையில என்ன ஓட்டம்ணே?" "தெக்குத் தண்ணி." நாற்பத்திரண்டு முறையும் அதே. நோட்டை மூடும்போது அவளுக்கு அவ்வளவு சந்தோஷம்.]

4

புதன்கிழமை காலை வினோதினி கருக்களாச்சேரிக்குப் போனாள். மிதவையைத் தூக்கப் படகு வேண்டும். இறக்கிக் கொடுத்த சிலம்பரசனையே கேட்கலாம் என்று யோசனை. சிலம்பரசன், அஞ்சுகத்தின் கணவன். சொந்தமாக பைபர் படகு வைத்திருக்கிறவன். அப்போதுதான் கரை ஏறி, வலையில் சிக்கிய நண்டுகளை எடுத்துக்கொண்டிருந்தான்.

"வாங்க மேடம். என்ன, கரண்டு வந்துட்டா? ஃபேனு வாங்கிடட்டுமா?"

"இல்லண்ணே. வெள்ளிக்கெழம மிதவையத் தூக்கணும். ஏன் தூக்குறோம்னு குழுவுக்கு எழுதுன லெட்டரும் கொண்டாந்துருக்கேன்."

அவன் கை ஈரம். பக்கத்தில் நின்ற அஞ்சுகம் வாங்கிப் பிரித்து வாய்விட்டுப் படித்தாள்.

"'மீனவர்கள் அளித்த நீரோட்டத் தகவல் தவறாக இருந்தமையால்...'"

நிறுத்திவிட்டாள்.

"அப்பறம்?" என்றான் சிலம்பரசன்.

"அப்பறம் என்ன அப்பறம். நம்ம தப்பாச் சொன்னமாம். அதான் ஓடலயாம்."

சிலம்பரசன் கையிலிருந்த நண்டைக் கூடையில் போட்டான். "இத யாரு எழுதுனது, சாரா?"

"நாந்தாண்ணே."

"நாப்பத்திரண்டு பேரும் கூடிப் பேசிக்கிட்டு ஒங்கள ஏமாத்துனமா? எங்க தெருவுல நாப்பத்திரண்டு பேரு ஒண்ணு சேந்து ஒரு கோயில் நோட்டீஸ் அடிக்க முடியல, மேடம்."

"ஏமாத்துனீங்கன்னு சொல்லலண்ணே. தெக்குத் தண்ணின்னீங்க. தெக்க போற தண்ணிக்கு வடக்கப் பாத்து வாய் வச்சேன். சுத்தல."

"தெக்க போற தண்ணியா?"

அஞ்சுகம் சிரித்துவிட்டாள். சிலம்பரசன் சிரிக்கவில்லை.

"தெக்குத் தண்ணி எப்பங்க தெக்க போயிருக்கு? தெக்கேருந்துல்ல வரும்."

வினோதினி அவன் முகத்தையே பார்த்தாள்.

"தெக்குக் காத்துன்னா எங்கேருந்து வருது?" என்றான்.

"தெக்கேருந்து."

"அப்பறம் தண்ணிக்கு மட்டும் என்ன கேடு?"

வினோதினி மணலில் உட்கார்ந்துவிட்டாள்.

"எங்க ஊர்ல தெக்குத் தண்ணின்னா தெக்கு வயலுக்குப் போற தண்ணிண்ணே. அப்பா மடையத் தொறந்துட்டு வந்து, 'தெக்குத் தண்ணி வுட்டாச்சு'ம்பாரு. புஸ்தகத்துலயும் ஓட்டத்துக்குப் போற தெசையத்தான் பேரா வச்சிருக்கு. ரெண்டும் ஒத்துப்போச்சா... எங்கேருந்துன்னு நான் கேக்கவே இல்ல."

[இந்த இடத்தில் சிலம்பரசன் முதலில் ஒரு பெரிய வாக்கியம் பேசினான்: "வயல்காரனுக்குத் தண்ணீர் போய்ச் சேரும் இடம் முக்கியம், கடல்காரனுக்கு அது புறப்படும் இடம் முக்கியம்." எழுதியபோது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அஞ்சுகத்திடம் படித்துக் காட்டினேன். "எம் புருசன் என்னம்மா மைக்கு புடிச்சா பேசுறாரு" என்றாள். எடுத்துவிட்டேன். அவன் நிஜமாகச் சொன்னது கீழே.]

"அப்ப ஒங்க புனலு பத்தொம்பது நாளா முதுகக் காட்டிக்கிட்டு நிக்கிது."

காட்டிக்கொண்டுதான் நின்றது. பின்னாலிருந்து தண்ணீர் தள்ளினால் சக்கரம் உடையாமலிருக்க அந்தக் கூட்டுக்கு ஒரு மூடி உண்டு, தானாகச் சாத்திக்கொள்ளும். பத்தொன்பது நாளும் கடல் கதவைத் தட்டிக்கொண்டே இருந்திருக்கிறது.

"எறக்குன அன்னிக்கே பாத்தேன்" என்றான் சிலம்பரசன், குரலை இறக்கி. "வாய் வடக்க இருந்துச்சு. படிச்சவங்க, ஏதாவது காரணம் இருக்கும்னு வுட்டுட்டேன்."

"சொல்லியிருக்கலாம்லண்ணே."

"நீங்களும் கேட்டுருக்கலாம்ல."

அஞ்சுகம் கடிதத்தை மடித்துக்கொண்டே, "ரெண்டு பேரும் நல்லாப் பேசாம இருந்துருக்கீங்க" என்றாள்.

5

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நான் பிறந்தது சுரக்குடி. வாய்க்கால் தண்ணீர் பார்த்து வளர்ந்தவள். இந்தக் கதையின் இரண்டாம் வரைவில் நானும் "தெக்குத் தண்ணி தெற்கு நோக்கி விரைந்து—" என்று எழுதியிருந்தேன். அந்த வாக்கியத்தை அடிக்காமல் இங்கேயே விட்டிருக்கிறேன். வினோதினியைப் பார்த்துச் சிரிக்க நினைப்பவர்கள் முதலில் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு வாருங்கள்.

6

மிதவையைத் தூக்க வேண்டாம், திருப்பினால் போதும். நான்கு நங்கூரக் கயிற்றையும் அவிழ்த்து, மிதவையை அரைச் சுற்றுத் திருப்பி, மறுபடி கட்ட வேண்டும். ஒரு நாள் வேலை. மிச்சம் இருந்ததும் வியாழக்கிழமை ஒன்றுதான்.

"நாளைக்குத் திருப்பித் தந்துடுறேன்" என்றான் சிலம்பரசன். "மொதல்ல அந்த லெட்டர மாத்துங்க."

இந்த இடத்தில் வினோதினியின் பேனாவை நான் இரண்டு நாள் பிடித்து நிறுத்தி வைத்திருந்தேன். தகவல் தவறு என்று எழுதினால் பழி கடலோரத்தில் தங்கிவிடும். தவறு தன்னுடையது என்று எழுதினால், திசையைக்கூடச் சரியாகக் கேட்கத் தெரியாத மாணவியிடமா இனியும் கருவியை விட்டுவைப்பது என்று குழு கேட்கலாம். சக்கரம் சுற்ற ஆரம்பித்த பிறகும் மிதவையைத் தூக்கச் சொல்லலாம்.

அவள் மண்டி போட்டு உட்கார்ந்து, படகின் விளிம்பில் காகிதத்தை வைத்து எழுதினாள். அஞ்சுகம் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துப் படித்தாள்.

"'புரிதலில் பிழை ஏற்பட்டுவிட்டது.' யாருக்கு ஏற்பட்டுச்சு?"

"எனக்குத்தாங்க்கா."

"அத எழுதுங்க."

எழுதினாள். "மீனவர்கள் சொன்னது சரி. ஆய்வாளராகிய நான் திசையை மாற்றிப் புரிந்துகொண்டேன்." கையெழுத்துப் போட்டு, படம் பிடித்து சிதம்பரநாதனுக்கு அனுப்பிவிட்டு, அவரை அழைத்தாள். அவர் ஏற்கெனவே படித்துவிட்டிருந்தார்.

"குழுவுக்கு இதை இப்படியே குடுக்கணுமா?" என்றார்.

"இப்படியேதான் சார்."

"சரி. நாளைக்கு நானும் வர்றேன்."

"சார், படகு ஒங்களுக்கு..."

"தெரியும். நாலு பாலிதீன் பை எடுத்துட்டு வர்றேன்."

7

முதல் முடிவு: கருக்களாச்சேரியின் எல்லா வீடுகளிலும் கடல் மின்சாரத்தில் விளக்கு எரிகிறது. பெண்கள் குலவை இடுகிறார்கள். இதை ஒரு பக்கம் எழுதினேன். அந்தச் சக்கரம் முழு வேகத்தில் சுற்றினாலும் நான்கைந்து பல்புதான் எரியும் என்று பிறகு தெரிந்தது. குலவையை நிறுத்தச் சொல்லிவிட்டேன்.

இரண்டாம் முடிவு: கடைசிக் கயிற்றை அவிழ்க்கும்போது மிதவை கை நழுவி, வடக்கே, அந்தப் பாழாய்ப்போன தெக்குத் தண்ணியோடேயே—

இல்லை. பேருந்தில் என் பக்கத்தில் உட்கார்ந்த பெண் அவள். என்னால் முடியாது.

நடந்தது இதுதான். வியாழக்கிழமை காலை ஏழு மணிக்குப் படகு போயிற்று. சிலம்பரசனோடு மூன்று பேர் தண்ணீரில் இறங்கினார்கள். மூன்று கயிறுகள் சொன்னபடி கேட்டன. நாலாவது நங்கூரம் சேற்றில் புதைந்து, பத்தரை மணிவரை எல்லோரையும் படுத்திவைத்தது. மிதவை திரும்பியது. புனலின் வாய் தெற்கே பார்த்தது. வினோதினி நாலாவது முடிச்சையும் போட்டாள். சிதம்பரநாதன் படகோரத்தில் குனிந்த தலையை நிமிர்த்தாமலே கையை மட்டும் நீட்டி, அந்த முடிச்சைத் தொட்டுப் பார்த்தார்.

அடுத்த எண் வர நான்கு நிமிடம் இருந்தது. வினோதினி கைபேசியைச் சிலம்பரசனிடம் கொடுத்து, "நீங்க பாருங்கண்ணே" என்றாள். அவன் தலைத்துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினான். கைபேசி ஒரு முறை அதிர்ந்தது. அவன் பார்த்தான். மறுபடி பார்த்தான். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தான்:

"______ வாட்."

அந்த எண் அஞ்சுகத்துக்குத் தெரியும். என்னிடமும் சொல்லிவிட்டாள். நான் எழுதப்போவதில்லை. குழு வெள்ளிக்கிழமை என்ன சொன்னது என்பதும் அந்தக் கோட்டுக்குள்ளேதான் இருக்கிறது. பென்சில் எடுத்து நீங்கள் நிரப்புங்கள்.

ஒன்றே ஒன்று. ஆசை மிகுதியில் பெரிதாக எழுதிவிடாதீர்கள், கண்ணுகளா. சிதம்பரநாதன் நம்பமாட்டார். எதற்கும் இன்னும் ஒரு பத்து நிமிடம் இருந்து பார்த்துவிடலாம் என்பார். வாந்திக்கென்று அவர் கொண்டுவந்தது நாலு பைதான்.