கண்டக்டர் சிரிக்கும் படம்

எங்கள் ஸ்டுடியோவுக்குள் நுழைந்ததும் கண்ணில் படுவது அந்தப் படம்தான். சுரங்கப்பாதையில் பாதி மூழ்கிய பேருந்து. அதன் வாசற்படியில் இடுப்பளவுத் தண்ணீரில் நிற்கும் கண்டக்டர், டிக்கெட் பையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாய்விட்டுச் சிரிக்கிறார். கீழே என் கணவரின் பெயர். பதினொரு வருடமாக அந்தக் கண்ணாடியைத் துடைப்பவள் நான். படத்தை எடுத்தவளும் நான்தான்.

அன்றைக்கு ஒரு கல்யாண வேலையை முடித்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் நிறைந்த பேருந்து தண்ணீரில் நின்றுபோயிருந்தது. ஊரே மேலே நின்று வேடிக்கை பார்த்தது. இவர் மட்டும், "நனையாம பாத்துக்கோ" என்று காமிராவை என் கையில் திணித்துவிட்டு இறங்கினார். ஒவ்வொரு பிள்ளையாகத் தூக்கி வந்து மேட்டில் விட்டார். கடைசிப் பிள்ளையும் இவர் தோளுக்கு ஏறியபோதுதான் கண்டக்டர் அப்படிச் சிரித்தார். நான் மூன்று தடவை அழுத்தினேன். முதல் படத்தில் தண்ணீரும் இவர் முதுகும். இரண்டாவதில் கண்டக்டர். மூன்றாவதில் இவர், கழுத்தளவுத் தண்ணீரில், தோளில் ஒரு சிறுமியோடு.

சாயங்காலம் பத்திரிகை ஆபீஸில் கேட்டதும் இரண்டாவது படத்தைத் தன் பெயரில் அனுப்பினார். "காமிரா என்னோடது. செட்டிங் எல்லாம் நான் வெச்சது. நீ அமுக்கினே, அவ்வளவுதானே?" என்றார், துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே. "மத்த ரெண்டையும் அழிச்சுடு. அதுல நான் இருக்கேன். அப்புறம் எடுத்தது யாருன்னு கேப்பாங்க."

எனக்கும் அன்றைக்கு அது பெரிதாகப் படவில்லை. நம் வீட்டு ஆளுக்கு நல்லது நடந்தால் சரி என்று இருந்துவிட்டேன். பரிசு வந்தது, மேடை வந்தது, வேலைகள் வந்தன. என் நாத்தனார் போகிற இடமெல்லாம், "என் தம்பி கழுத்தளவு தண்ணியில நின்னு எடுத்த படம்" என்று சொல்லிச் சொல்லி எனக்குக் காது புளித்துவிட்டது. அதில் கழுத்தளவுத் தண்ணீர் மட்டும் நிஜம். வயிற்றெரிச்சல் பிறகுதான் வந்தது, கொஞ்சம் கொஞ்சமாக. படத்தை எடுத்துக்கொண்டார் என்பதைவிட, அத்தனை பிள்ளைகளைத் தூக்கி வந்த மனுஷன் அதைச் சொல்லாமல் மறைத்து, எடுக்காத படத்துக்கு மாலை வாங்கிக்கொண்டாரே என்றுதான் எனக்கு ஆத்திரம். அந்த மூன்றாவது படத்தை நான் அழிக்கவில்லை. என் புருஷனை அவ்வளவு நன்றாக வேறு யாரும் எடுத்ததில்லை.

அப்புறம் தொழில் படுத்துவிட்டது. பாஸ்போர்ட் படத்தைக் கைபேசியிலேயே எடுத்துக்கொண்டார்கள். கல்யாண வீட்டுக்காரர்கள், படங்களின் எல்லா உரிமையும் தங்களுக்கே என்று எழுதி வாங்கிக்கொண்டு பாதி விலைக்குப் பேரம் பேசினார்கள். ஸ்டுடியோவின் முன்பாதியை ஜெராக்ஸ் கடைக்கு வாடகைக்கு விட்டோம். அந்தச் சமயத்தில்தான் நாற்சந்தி விளம்பரப் பலகையில், மூன்று மாடி உயரத்துக்கு, எங்கள் கண்டக்டர் நின்று சிரித்தார். தலைக்கு மேல் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியின் பெயர். கேட்டதற்கு, படம் விற்கும் ஏதோ இணையதளத்தில் காசு கொடுத்து வாங்கினோம், அங்கே வேறொருவர் பெயர் இருக்கிறது, உங்களுடையது என்றால் நிரூபியுங்கள் என்று பதில் வந்தது.

இவர் வழக்குப் போட்டார். எங்கள் வக்கீலம்மா கெட்டிக்காரி. மேசையில் கோப்பைப் பிரித்து வைத்துக்கொண்டு முதலில் இதைத்தான் கேட்டார்.

"இதுக்கு முன்னாடி, பின்னாடி எடுத்த படங்கள் இருக்கா சார்? திருடினவன்கிட்ட ஒரு படம்தான் இருக்கும். எடுத்தவர்கிட்டதான் வரிசையா இருக்கும்."

"இல்ல மேடம். அப்பவே அழிச்சாச்சு."

நான் பையிலிருந்து ஹார்ட் டிஸ்கை எடுத்து மேசைமேல் வைத்தேன். "இருக்கு" என்றேன். மறந்துபோய் வைத்தேன் என்று சொன்னால் பொய்.

வக்கீலம்மா மூன்றாவது படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு இவரைப் பார்த்தார். "சார், இது நீங்கதானே? அப்ப காமிரா யார் கையில இருந்துச்சு?"

"என் கையில" என்றேன் நான்.

வக்கீலம்மா பேனாவை மூடி வைத்தார். "ரெண்டு வழி இருக்கு. இந்த வழக்கை வாபஸ் வாங்கிட்டு மேடம் பேர்ல புதுசா போடலாம். எடுத்தவங்களுக்குத்தான் உரிமை. இல்லேன்னா, மேடம் அப்ப உங்ககிட்ட வேலைக்கு இருந்திருந்தா, அவங்க எடுத்தது முதலாளிக்குச் சொந்தம். வேலைக்குச் சேத்ததுக்குக் கடிதம் எதாவது இருக்கா சார்?"

"இருக்கு" என்றார் இவர், வாய் கூசாமல். என் பக்கம் திரும்பவே இல்லை.

மறுநாள் காலையில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து பதினொரு வருடத்துக்கு முந்தைய தேதி போட்டு அந்தக் கடிதத்தை அடித்தார். பதவி: உதவியாளர். பணி: அறைகளைச் சுத்தம் செய்தல், கருவிகளைச் சுமந்து வருதல், முதலாளி சொல்லும்போது படமெடுத்தல்.

"என் பேர்லயே போட்டுடலாமேங்க" என்றேன். "ஜெயிச்சா நம்ம வீட்டுக்குத்தானே வருது?"

"அதுக்கா நான் அலையறேன்? இத்தனை வருஷமா மேடையில நின்னவன். அக்கா ஊரெல்லாம் சொல்லி வெச்சிருக்கா. இப்பப் போய் என் பொண்டாட்டி எடுத்ததுன்னு நிக்கச் சொல்றியா?"

"வேலைக்காரி எடுத்ததுன்னு நிக்கலாமா?"

"வேலைக்காரின்னு யாரு சொன்னா? உதவியாளர்னுதானே போட்டிருக்கேன். சட்டப்படி ஸ்டுடியோ எடுத்ததுன்னு ஆயிடும்."

கடிதத்தைத் தலைகீழாக நீட்டினார். அதைப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டேன். என் கோபம் தணிந்துவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம்.

சம்பளம் எவ்வளவு, எந்தத் தேதியில் சேர்ந்தாய், யார் சேர்த்தது என்று ஒரு வாரம் வீட்டில் எனக்குப் பாடம் நடந்தது. கூண்டில் ஏறியபோது எல்லாம் மனப்பாடம். ஆனால் எதிர்த்தரப்பு வக்கீல் சம்பளத்தைப் பற்றிக் கேட்கவே இல்லை. தாத்தா வயசு மனுஷர், மெதுவாகப் பேசினார்.

"வேலைக்குச் சேந்ததிலேருந்து எத்தனை நாள் லீவு எடுத்திருக்கீங்கம்மா?"

"லீவா?"

"எல்லா வேலையாளும் எடுக்கறதுதானே. கடைசியா எப்ப எடுத்தீங்க?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோர்ட்டில் சிரிக்கக் கூடாது என்று தெரியும். அடக்கப் பார்த்தேன், அது அழுகையாகத் திரும்பிக்கொண்டது. மகள் பிறந்த மூன்றாம் வாரம், மடியில் அவளைப் போட்டுக்கொண்டு யாருடைய கல்யாண ஆல்பத்துக்கோ முகங்களைத் திருத்திக்கொண்டிருந்தது ஞாபகம் வந்தது. நீதிபதி தண்ணீர் கொடுக்கச் சொன்னார். பிறகு அவரே கேட்டார்.

"அந்தப் படத்தை எடுத்தது யாரும்மா?"

"நான்தாங்க ஐயா. வேலைக்கு இருந்து எடுக்கல. காமிரா நனையக்கூடாதுன்னு என் கையில குடுத்துட்டுப் போனாரு. யாரும் எடுக்கச் சொல்லல. அந்தாளு சிரிச்சாரு, எடுத்தேன்."

சொன்னதும் உடம்பே லேசாகிவிட்டது. இவர் பெஞ்சில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். உரிமை இல்லாதவர் போட்ட வழக்கு என்று தள்ளுபடி ஆயிற்று. வேலைக் கடிதத்தை நீதிபதி திருப்பித் தரவில்லை. பொய்ப் பத்திரம் தாக்கல் செய்ததற்கு என்ன நடவடிக்கை என்பதை மதியம் சொல்வதாக எழுந்து போனார்.

வெளியே வராந்தாவில் வக்கீலம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "மேடம், இப்ப அந்தப் படம் உங்க சொத்து. கோர்ட்லயே பதிவாயிடுச்சு. உங்க பேர்ல வழக்குப் போடலாம். ஜெயிப்போம்." அடுத்த நிமிஷமே குரலைத் தாழ்த்தினார். "ஆனா அந்தக் கடிதத்துல சாரோட கையெழுத்தும் இருக்கு."

அவர் சொல்லி முடிப்பதற்குள் எதிர்த்தரப்பு வக்கீல் வந்துவிட்டார். கையில் ஒரு தாள், முன்கூட்டியே அடித்துத் தயாராக வைத்திருந்தது. "எங்க கம்பெனிக்கு உங்க மேல எந்த விரோதமும் இல்லம்மா. இதுல ஒரு கையெழுத்துப் போட்டீங்கன்னா, அந்தக் கடித விவகாரத்தை வற்புறுத்த வேணாம்னு மதியம் நானே ஐயாகிட்ட கேட்டுக்கறேன். இல்லேன்னா சார் உள்ள போக வேண்டி வரலாம்."

படித்துப் பார்த்தேன். படத்தின் எல்லா உரிமையையும், எல்லாக் காலத்துக்கும், எல்லா நாட்டுக்கும், எதுவும் பெற்றுக்கொள்ளாமல் கம்பெனிக்கு விட்டுக்கொடுக்கிறேன் என்று எழுதியிருந்தது.

இவர் பக்கத்திலேயே நின்றார். "என்னங்க செய்யட்டும்?" என்றேன்.

"உன் இஷ்டம்" என்றார்.

வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தத் தாளைக் கிழித்துப் போட்டிருப்பேன். என்ன வந்தாலும் சமாளித்திருப்பேன். அவரோ, சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி நீட்டினார்.

தாளின் அடியில் "படத்தை எடுத்தவர்" என்று அடித்து, அதன் கீழே என் பெயரைப் பிழையில்லாமல் போட்டிருந்தார்கள். அந்தப் படத்தோடு என் பெயர் சேர்ந்து வந்ததை அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தேன். அதற்கு நேராகக் கையெழுத்துப் போட்டேன். வக்கீல் மை காய ஊதிவிட்டு, தாளைக் கோப்புக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார். ஒரு நகல் கேட்டு வாங்கியிருக்கலாம். அப்போது தோன்றவில்லை.