மீண்டும் வருக என்று எழுதாத பக்கம்

யசோதாவின் மாம்பழக் கடைக்குக் கதவும் இல்லை, பெயர்ப்பலகையும் இல்லை. குவைத்திலிருந்து அவள் புருஷன் ரமணா அனுப்பிய பழைய லேப்டாப்பில் அவளே எழுதிவந்த வலைப்பூதான் கடை. அதைப் படித்துவிட்டு சென்னையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ யாராவது போன் போட்டால், கார்வேட்டிநகரத்துக்குப் பக்கத்தில் இருந்த தோப்பிலிருந்து பங்கனபள்ளியைப் பெட்டியில் அடுக்கி பஸ்ஸில் ஏற்றிவிடுவாள். யாரும் போன் போடாவிட்டால் அத்தனை பழமும் ஜூஸ் பேக்டரி லாரிக்குப் போகும், அவர்கள் சொன்ன விலைக்கு.

ரமணா போர்வெல் வற்றிய வருஷம் டிரைவர் வேலைக்குக் கிளம்பினவன். குவைத் வெயிலில் ஒரு மத்தியானம் வண்டியை விட்டு இறங்கினவன், அப்படியே சரிந்து போனான். ஊரில் வீட்டுக்கு ஒருவர் அங்கே இருக்கும்போது இதெல்லாம் சகஜம்தானே என்று துக்கத்துக்கு வந்த இடத்திலேயே பேசினவர்களும் உண்டு. நரம்பில்லாத நாக்கு, என்ன செய்வது!

இந்தக் கோடையில் பழம் போகாவிட்டால் தோப்பைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, யசோதாவே குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போக வேண்டும். மாமனார் அப்பாவு சொல்லிவிட்டார். பாஸ்போர்ட் கைக்கு வந்துவிட்டது, ஏஜெண்டும் வந்து பார்த்துவிட்டுப் போய்விட்டான். பள்ளிக்கூடம் போகிற மகள் ஹரிதாவைக் கிழவரிடம் விட்டுவிட்டு, ரமணாவை விழுங்கின அதே ஊருக்குப் போவதா? அதனால்தான் மாமரம் பிஞ்சு விட்ட சமயத்தில் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு திருப்பதிக்குப் பஸ் ஏறினாள்.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மாடியில் யஸ்வந்த் என்கிற பையன் வெப்சைட் ஆபீஸ் வைத்திருந்தான். ஓட்டல்காரர்களுக்கும் டாக்ஸிக்காரர்களுக்கும் கூகுளில் இடம் பிடித்துக் கொடுப்பது அவன் தொழில். அவள் வலைப்பூவைத் திறந்து கொஞ்ச நேரம் பார்த்தான்.

“அக்கா, மாம்பழத்தப் பத்தி இத்தினி எழுதிக்கீறீங்க, ஒருத்தனும் எட்டிப் பாக்கல. ஆனா இந்த ஒரு பக்கத்துக்கு மட்டும் தெனம் ஜனம் வந்துக்கினே கீது. இன்னா பக்கம் இது?”

யசோதாவுக்குப் பார்க்காமலே தெரிந்தது. ‘குவைத்தில் இறந்தவரின் உடலை ஊருக்குக் கொண்டுவருவது எப்படி?’ ரமணாவைக் கொண்டுவருவதற்காக அவள் அலைந்த அலைச்சலில், இன்னது செய் என்று சொல்ல ஒரு நாதியில்லை. எல்லாம் முடிந்த பிறகு, தனக்கு வந்தது இன்னொருத்திக்கு வரக்கூடாது என்று உட்கார்ந்து எழுதினாள். எந்த ஆபீசுக்கு முதலில் மெயில் போடுவது, கம்பெனிக்காரனிடம் எந்தக் காகிதத்தைக் கேட்டு வாங்குவது, சென்னை ஏர்போர்ட்டில் கார்கோ வாசல் எந்தப் பக்கம், எல்லாவற்றையும் தமிழிலும் தெலுங்கிலும் எழுதினாள். சவப்பெட்டியைத் திறக்கும்போது பக்கத்தில் ஒரு பெண்பிள்ளையைத் துணைக்கு வைத்துக்கொள் என்றும் எழுதியிருந்தாள்.

அவள் சொன்னதைக் கேட்ட பிறகு யஸ்வந்த் கொஞ்சம் அடங்கித்தான் பேசினான். “ஸாரிக்கா. ஆனா தொழிலு பேசணும் இல்ல? ஜனங்க மனசுல கீற கேள்விய அப்டியே தலைப்பா வெச்சிக்கீறீங்க. சுத்தி வளைக்காம பதிலு சொல்லிக்கீறீங்க. அதான் கூகுளு மொத எடத்துல வெச்சிக்கீது. இத்தினி பேர சும்மா திருப்பி அனுப்பலாமா? கீழ மாம்பழப் பொட்டி படம் ஒண்ணு போடுவோம், உங்க நம்பரு, அப்பால ‘நன்றி, மீண்டும் வருக’ன்னு ஒரு வரி. எல்லாப் பக்கத்துக்கும் அதுவே வந்துடும்.”

“சாவு சேதி தேடி வர்றவங்க பழம் வாங்குவாங்களா தம்பி?”

“வாங்காட்டி போவட்டும். அங்கேர்ந்து லிங்க் குடுத்தா மாம்பழப் பக்கமும் கூட சேந்து மேல ஏறும்க்கா.”

பையன் கெட்டவன் இல்லை, தொழில் தெரிந்தவன். யசோதாவுக்கு மனசு ஒப்பவில்லை; ஆனால் பீரோவில் இருந்த பாஸ்போர்ட் ஞாபகம் வந்தது. சரி போடு என்றாள்.

அவன் சொன்னது அப்படியே பலித்தது. பழம் நிறம் திரும்பும் நேரத்தில் மாம்பழப் பக்கம் மளமளவென்று மேலே ஏறியது. அம்பத்தூரிலிருந்து போன், ஒயிட்பீல்டிலிருந்து போன். அப்பாவுகூட பழப்பெட்டியில் வைக்கோல் பரப்பிக்கொண்டே, “பரவால்லம்மா, உன் லேப்டாப் பொட்டி வேல செய்யுது” என்றார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வருவது லேசில் இல்லை.

ஒரு காலை, பழம் பறித்துக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது.

“மாம்பழம் யசோதா பேசறேன், சொல்லுங்க.”

அந்தப் பக்கம் ஒரு பெண் குரல். “நான் சத்தியவேடு பக்கத்துலேர்ந்து சென்னம்மா பேசறேம்மா. எங்கூட்டுக்காரரு குவைத்துல... விடியக்கால சேதி வந்துச்சி. எங் கொழுந்தன் உன் எழுத்த போன்ல படிச்சிக் காட்டினாரு. எனக்கு ஒண்ணும் புரியல. மொதல்ல இன்னா செய்யணும், சொல்லும்மா.”

யசோதா மரத்தடியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அப்பாவுவைப் பார்த்து, நீங்களே பறியுங்கள் என்று ஜாடை காட்டினாள். ஒவ்வொன்றாக, அந்தப் பெண் திருப்பிச் சொல்லும்வரை நிதானமாகச் சொன்னாள். கடைசியில் சென்னம்மா போனை வைக்காமல் தயங்கினாள்.

“தப்பா நெனச்சிக்காத தாயி. அடியில ‘மீண்டும் வருக’ன்னு எழுதிக்கீதாமே. எழவு வூட்டுக்கு வந்தவங்ககூட போய்ட்டு வரேன்னு சொல்ல மாட்டாங்களே. எங்கூட்டுக்கு இது இன்னொரு வாட்டி வேணாம்மா.”

கோபமாகச் சொல்லியிருந்தாலாவது தேவலை. கெஞ்சுகிற மாதிரி சொன்னாள். ரமணாவை எடுத்த அன்று ஊரே அவள் வாசலிலிருந்து வாய் திறக்காமல் எழுந்துதான் போனது. ஆம்புலன்ஸ் டிரைவர் டீத்தண்ணி குடித்த டம்ளரை வைத்துவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் வண்டியை எடுத்தான். சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த வழக்கம். என் வாசலில் ஊர் காத்ததைப் பிறர் வாசலில் காக்கத் தவறிவிட்டேனே, பாவி! என்று அவள் தன்னையே திட்டிக்கொண்டாள்.

வீட்டுக்குப் போய் முதல் வேலையாக அந்தப் பக்கத்திலிருந்து வரியை எடுத்தாள். பழப்பெட்டி படத்தையும், லிங்க்கையும் எடுத்தாள்; கேட்க நினைப்பவர்களுக்காக நம்பரை மட்டும் விட்டுவைத்தாள். அடுத்த வாரமே யஸ்வந்த் பதறிக்கொண்டு கூப்பிட்டான்.

“அய்யோ, இன்னாக்கா செஞ்சீங்க? சீசன் நேரத்துல! மாம்பழப் பக்கம் தடாலுன்னு கீழ போய்க்கினு கீது. வரிய மட்டும் எடுத்துட்டு பொட்டியயாச்சும் வெச்சிருக்கலாமே!”

“எழவு வூட்டு வாசல்ல கூடைய எறக்கி விக்க முடியாது தம்பி. போனா போவட்டும்.”

போகத்தான் போனது. சீசனின் நல்ல பாதி இன்னும் பாக்கியிருக்கும்போதே போன் ஓய்ந்தது. ஜூஸ் பேக்டரி லாரி வந்து தோப்பு வாசலில் நின்றது. யசோதா பீரோவைத் திறந்து பாஸ்போர்ட்டை எடுத்து அப்பாவு முன்னால் வைத்தாள்.

“ஏஜெண்டுக்குச் சொல்லிடுங்க மாமா. நான் போறேன்.”

கிழவர் பாஸ்போர்ட்டை அவள் பக்கமே திருப்பித் தள்ளினார். “அன்னிக்கி அந்தப் பொண்ணுகிட்ட நீ பேசினத கேட்டுக்கினுதான் இருந்தேன்” என்றார். “எம் புள்ள பொணமா வந்தப்போ எனக்கு அப்டி சொல்ல ஒருத்தரும் இல்ல. மாட்ட வித்துடறேன். இன்னொரு வருசம் பாப்போம். அப்பவும் ஆவலைன்னா நானே ஏஜெண்ட கூப்புடறேன்.”

மாட்டைப் பிடித்துக்கொண்டு போன அன்று அவர் சோறு தின்னவில்லை.

அந்த வருஷம் முழுக்க யசோதா எழுதினாள். மாம்பழத்தைப் பற்றியும் எழுதினாள், ஆனால் போன் போடுகிறவர்கள் கேட்டதையெல்லாம் அதைவிட அதிகமாக எழுதினாள். பாக்கிச் சம்பளத்தை எப்படிக் கேட்பது, இன்சூரன்ஸ் இருக்கிறதா என்று யாரிடம் விசாரிப்பது. துக்கத்துக்கான பக்கங்களில் நன்றி இல்லை, அழைப்பு இல்லை, விளம்பரம் இல்லை; சொல்ல வேண்டியது முடிந்ததும் நின்றுவிடும். போனிலும் அப்படித்தான். பேச்சு முடிந்ததும் ஒரு வார்த்தை சொல்லாமல் வைத்துவிடுவாள்.

மறு கோடை வந்தது. மரம் கொள்ளாத காய்ப்பு, வாங்கத்தான் ஆள் இல்லை. ஏஜெண்ட் தானாகவே வந்து வாசலில் பைக்கை நிறுத்தியிருந்தான். அப்பாவு அவனுக்கு மோர் கொடுத்துக்கொண்டிருந்தபோதுதான் போன் அடித்தது.

“யசோதாவா? சென்னம்மா பேசறேன்.”

யசோதாவுக்கு பகீரென்றது. “இன்னாம்மா, இன்னா ஆச்சி?”

“ஒண்ணும் ஆவல தாயி, பயப்படாத. அவருக்கு வருசம் திரும்புது, படையல் போடணும். மாம்பழம்னா உசுரு அந்த மனுசனுக்கு. அங்கேர்ந்து போன் பண்ணா, பழம் வந்துச்சா, புள்ளைங்க துன்னுச்சான்னுதான் மொதல்ல கேப்பாரு. அன்னிக்கி உன் பக்கத்துல படம் போட்டிருந்தியே, அந்தப் பழம் வேணும். பங்காளிங்க எல்லாருக்கும் குடுக்கற மாதிரி வேணும்.”

அந்த ஒரு போனோடு நிற்கவில்லை. குவைத் வெயில் ஆளைச் சாய்ப்பதும் கோடையில்தான், இங்கே மாம்பழம் பழுப்பதும் கோடையில்தான். போன கோடையில் அவளிடம் அழுதவர்களுக்கெல்லாம் இந்தக் கோடையில் வருஷம் திரும்பியது. ராஜம்பேட்டையிலிருந்து தெலுங்கில் கேட்டார்கள், வேலூரிலிருந்து தமிழில் கேட்டார்கள். படையலுக்கு வந்த உறவுக்காரர்கள் பழத்தைத் தின்றுவிட்டு நம்பர் வாங்கிக்கொண்டு அவர்களும் கேட்டார்கள். ஜூஸ் பேக்டரிக்காரன் அந்த வருஷம் காலி லாரியோடு திரும்பினான். ஏஜெண்ட் மறுபடி வந்தபோது அப்பாவு வாசலிலேயே மறித்து, “எங்கூட்ல யாரும் வெளிநாடு போறதா இல்லப்பா” என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

சென்னம்மாவின் பழத்தை மட்டும் யசோதா பஸ்ஸில் போடவில்லை. அவளே புத்தூர் பஸ் ஸ்டாண்டுக்குக் கொண்டுபோனாள். சென்னம்மாவும் அங்கே வந்திருந்தாள்; இருவரும் அன்றுதான் முதன்முதலாக முகம் பார்த்துக்கொண்டார்கள். நினைத்ததைவிட சென்னம்மா சின்ன வயசாக இருந்தாள். சத்தியவேடு பஸ் வந்தது, பெட்டிகளை ஏற்றினார்கள்.

சென்னம்மா படியில் ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு திரும்பினாள்.

“போய்ட்டு வரேம்மா” என்றாள்.

யசோதாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. பஸ் நகர்ந்து போகிற சத்தத்தில் கேட்குமோ கேட்காதோ என்று, இத்தனை நாளும் யாரிடமும் சொல்லாததைக் கத்தியே சொன்னாள்.

“வாங்கம்மா! போய்ட்டு வாங்க!”