பருப்பு பிரிக்கும் கண்

கொல்லத்தில் முந்திரி ஆலைக்குப் போகிற பெண்களின் வேலையைக் கையைப் பார்த்தே சொல்லிவிடலாம். கொட்டை உடைக்கிறவள் கை கறுப்பு, பருப்பு பிரிக்கிறவள் கை வெள்ளை. ஆறு வருஷம் கொட்டையின் எண்ணெய் பட்டுக் கை வெந்த பிறகுதான் சுலஜாவுக்குப் பருப்பு மேசையில் இடம் கிடைத்தது. உட்கார்ந்து பழகுவதற்குள் சர்க்கரை வியாதி வந்து நின்றது. இருபத்தாறு வயதில்! அதுவும் முதல் வகையாம். இன்சுலின் ஊசி இல்லாமல் உயிர் நிற்காதாம்.

ஊசி போடத் தொடங்கிய வாரமே கிட்டத்தில் இருப்பதெல்லாம் கலங்கலாகத் தெரிந்தது. பருப்பில் ஒட்டிய தோல் கண்ணில் படவில்லை.

"என்னடி சுலஜா, உன் தட்டுல பாதி தோலா கிடக்கு?" மேற்பார்வை பார்க்கும் ஏலிக்குட்டி சலித்துக்கொண்டாள். "இப்படியே போனா மறுபடி உடைக்கத்தான் போகணும், பார்த்துக்கோ."

"கண்ணு சரியாயிடும் சேச்சி."

எப்படிச் சரியாகும்? ஊசிதான் கண்ணைக் கெடுக்கிறது என்று அவளாகவே முடிவு கட்டினாள். "இனிமே நானே போட்டுக்கறேன்மா" என்று அம்மா ஓமனாவிடம் சொல்லிவிட்டு, மருந்தை வாழை மரத்தடியில் பீய்ச்சினாள். சில நாளில் பார்வை தெளிந்தும்விட்டது! அந்தச் சந்தோஷம் தீருமுன்னே அடங்காத தாகம், வாந்தி. மேசை மேலேயே சரிந்தாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "ரொம்ப நாளா ஏறிக் கிடந்த சர்க்கரை இறங்கும்போது கண்ணு கொஞ்ச நாள் தடுமாறும், தானா சரியாகும். நீ ஊசியை நிறுத்தினே, சர்க்கரை ஏறிடுச்சு, கண்ணும் பழையபடி ஆச்சு. உசிரு போகப் பார்த்துச்சே மோளே!"

சுலஜாவுக்கு அழக்கூடத் தெம்பில்லை. மறுபடி ஊசி, மறுபடி கலங்கிய கண். ஆலைக்குத் திரும்பியதும், யாரும் சொல்லாமலே கொட்டை உடைக்கும் கொட்டகையில் போய் உட்கார்ந்தாள். அதற்கு அத்தனை கூர்மையான கண் வேண்டாம், பழகிய கை போதும். கை பழையபடி கறுத்தது. ஊசியை அம்மா அவளிடம் கொடுப்பதே இல்லை.

ஒரு நாள் காலை ஓமனா மருந்தை இழுத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். சுலஜா வயிற்றைக் காட்டியபடி அலுப்போடு உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா, மருந்து ரெண்டு கோடு கூடுதலா இருக்கு."

"உனக்கெங்கடி தெரியுது?" சொன்ன பிறகுதான் ஓமனாவுக்கு உறைத்தது. ஊசியைப் பிடித்தபடியே அழுதுவிட்டாள்.

"அழாதே. குறைச்சுட்டுக் குத்து. சீக்கிரம் போய் ஏலிக்குட்டி சேச்சிகிட்ட மேசையைக் கேக்கணும்" என்று கறுத்த கையால் அம்மாவின் முகத்தைத் துடைத்துவிட்டாள் சுலஜா.