வெட்டுப்பட்டவர்கள் வரும் வீடு

சதுரங்கத்தில் தையற்காரி பறிகொடுக்கும் காய் ஒவ்வொன்றும், வெட்டுப்பட்ட ஐந்தாவது நிமிடம் அவள் வீட்டுக் கதவைத் தட்டும். சிப்பாய் என்றால் ஆளுயரச் சிப்பாய், குதிரை என்றால் அசல் குதிரை. கதவைத் திறந்து உபசரிப்பது அவள் புருஷன், குழாய் ரிப்பேர் பார்ப்பவன். அவனுக்குச் சதுரங்கத்தில் அரிச்சுவடிகூடத் தெரியாது. வருகிறவர்களை வைத்தே மனைவியின் நிலவரத்தைத் தெரிந்துகொள்வான். அவள் தோற்கும் நாளில் அவளுடைய ராஜா கடைசியாக வந்து, வாசலோர நாற்காலியில் தலைகுனிந்து உட்காருவார். பொழுது சாய்ந்ததும் எல்லாரும் சதுரங்க மன்றத்துப் பெட்டிக்குத் திரும்பிவிடுவார்கள். பதினோரு வருடமாக இப்படித்தான். தெருக்காரர்கள் குறைப்பட்டுக்கொண்டது குதிரைச் சாணத்தைப் பற்றி மட்டும்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை இறுதிப் போட்டி. வெள்ளைக்கு மன்றத் தலைவர், கறுப்புக்கு இவள். "இன்னிக்கும் தோத்தா இனிமே ஆடவே மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள். ஆட்டம் உள்ள வாரங்களில்தான் அவள் பாடிக்கொண்டே தைப்பாள், அந்தப் பாட்டு இல்லாத வீட்டில் அவனால் இருக்க முடியாது. பத்தேகாலுக்கே ஒரு சிப்பாய் வந்துவிட்டான். "அந்தாளு ஒரு சிப்பாய வெட்டிக்கோன்னு சும்மாவே நீட்டினாருண்ணே. அக்கா அதத் தொடல. பதிலுக்கு என்னைய நீட்டிட்டாங்க" என்று பெருமையாகச் சொல்லி டீயை வாங்கிக்கொண்டான். பதினொன்றுக்குக் குதிரை வந்து ஒரு வாளித் தண்ணீரைக் குடித்தது. பன்னிரண்டுக்கு ராணியே வந்து நின்றாள்.

"நீங்களே வந்துட்டா அங்க யாரு இருக்கா?" என்றான்.

"நானா வரல. உங்க வீட்டம்மாதான் அனுப்பினாங்க. முதல்ல தண்ணி குடுங்க."

போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்துக்கொண்டான். ராஜாவின் நாற்காலியைத் துடைத்து வைத்தவன், அதைப் பிடித்தபடியே அழுதான். கதவு தட்டப்பட்டது. திறந்தால் தையற்காரி. அவளுக்குப் பின்னால் கிரீடத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒருவர் கூச்சத்தோடு நின்றார், வெள்ளை உடுப்பில்.

"ஜெயிச்சுட்டேன். ராணியைக் குடுத்துத்தான் இவரைப் பிடிச்சேன். தலைவர் வீட்ல கதவைத் தொறக்க மாட்டாங்களாம், பாவம். கூட்டிட்டு வந்துட்டேன்."

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்த நாற்காலியையே விருந்தாளிக்கு நகர்த்திப் போட்டான். பொழுது சாய்ந்ததும் மற்றவர்கள் கிளம்பினார்கள், வெள்ளை ராஜா கிளம்பவில்லை. இப்போது பொத்தான் தைப்பது அவர்தான், அவள் பாட்டுக்குத் தலையாட்டிக்கொண்டே தைக்கிறார். மன்றத்தில் அவருடைய கட்டத்தில் இன்றுவரை ஒரு வெள்ளை நூற்கண்டு நிற்கிறது, அதற்கும் எல்லாரும் செக் சொல்லித்தான் ஆடுகிறார்கள்.