செக்ரட்டேரியட் வாசலில் மதியத் தூக்கம்

பாலவாடி ஆசிரியைகள் ஆதரவுக் கமிட்டிக்குக் குற்றாலலிங்கம் செயலாளர் ஆனதற்குக் காரணம் அவருடைய திறமை அல்ல. அவர் எதையும் செய்து முடிக்க மாட்டார் என்பதில் எல்லாருக்கும் இருந்த அசைக்க முடியாத நம்பிக்கை. அந்த நம்பிக்கை அவருக்கும் உண்டு. திருவனந்தபுரத்தில் சாலைக் கம்போளக் கடைத்தெருவில் நெல்லையப்பன் அண்ணாச்சியின் வற்றல் மண்டியில் கணக்கெழுதியே தலை நரைத்தவர். மிளகாய்த் தூசியில் தும்மியே மூக்குச் சிவந்தவர். வீட்டில் சொர்ணம்மாள் குழாய்க்கு வாஷர் மாற்றச் சொல்லிச் சில மழைக்காலங்கள் கடந்துவிட்டன. அப்பேர்ப்பட்டவரைச் செயலாளராகப் போட்டால் எந்தப் போராட்டமும் அடக்க ஒடுக்கமாக இருக்கும் என்று கணக்குப் போட்டவர் அண்ணாச்சி. கமிட்டிக்குத் தலைவரும் அண்ணாச்சிதான்.

அண்ணாச்சிக்குப் பிள்ளைகளின் படிப்பில் அத்தனை அக்கறையா என்றால், இல்லை. மண்டிக்குப் பின்னால் ஓடு வேய்ந்த ஒரு கொட்டகை. அவருடைய தகப்பனார் கடைசிக் காலத்தில் புண்ணியத்துக்கு ஆசைப்பட்டு அதைப் பாலவாடிக்கு விட்டுவிட்டுப் போனார். எல்லாம் வாய்வார்த்தைதான். தெக்கத்திச் சீமையிலிருந்து வந்து சுமடு தூக்குகிற, கட்டிட வேலைக்குச் சாந்து சுமக்கிற தமிழ் ஜனங்களின் பிள்ளைகள் அங்கே இருந்தார்கள். புண்ணியம் தகப்பனாருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. வற்றல் மூட்டை அடுக்க இடம் இல்லாத கஷ்டம் மகனுக்கு வந்து சேர்ந்தது. எழுபத்திரண்டில் ஓணம் முடிந்த கையோடு, ஊரிலுள்ள பாலவாடி டீச்சர்மார் சங்கம் வைக்கப் போகிறார்கள் என்று காதில் விழுந்ததும், அண்ணாச்சி முந்திக்கொண்டு ஒரு கமிட்டி போட்டு, தானே தலைவராகி, எல்லாருக்கும் நாரங்கா வெள்ளம் என்று எலுமிச்சைச் சாறு கொடுத்தார். எதிர்க்கட்சியையும் தானே நடத்திவிடுவது வியாபாரத்தில் ஒரு முறை.

செயலாளர் முதன்முதலாக ஆதரவு தெரிவிக்கப் போன நாள் நல்ல நாளாக இல்லை. மதியம். கொட்டகைக்குள் பிள்ளைகள் வரிசையாகப் பாயில் தூங்கிக் கொண்டிருந்தார்கள். சுவரோரம் எலிசாள் டீச்சர் உட்கார்ந்திருந்தாள். நாகர்கோவில் பக்கத்துக்காரி. சிரிப்பை ஆண்டுக்கு இவ்வளவு என்று அளந்து வைத்துக்கொண்டு, அதிலும் மிச்சம் பிடிக்கிற முகம். குற்றாலலிங்கம் வணக்கம் சொல்லக் கையைத் தூக்கினார். அக்குளில் இருந்த குடை சிமெண்டுத் தரையில் விழுந்தது. ஒரு பிள்ளை விழித்து அழுதது. அந்த அழுகையில் பக்கத்துப் பிள்ளை விழித்தது. பிறகு மொத்தக் கொட்டகையும். இருபது வருஷ மிளகாய் வாசம் பிடித்த குடை என்பதால் அழுகையோடு தும்மலும் சேர்ந்துகொண்டது.

"நான் ஆதரவுக் கமிட்டி..." என்று ஆரம்பித்தார்.

"ஆதரவெல்லாம் பொறவு பாக்கலாம் செக்ரட்டரி சாரே. மொதல்ல கொடையை எடுத்துக்கிட்டு வெளிய போங்க."

அந்த வருஷம் முழுக்க அதே மரியாதை நீடித்தது. பாலவாடிகளை அரசாங்கம் ஏற்று நடத்த வேண்டும் என்ற மனுவோடு கல்வி ஆபீசுக்குப் போனார். எழுத்துப் படிக்காத பிள்ளைகள் மாணவர்கள் அல்ல, சமூகநல ஆபீசுக்குப் போம் என்றார்கள். சமூகநல ஆபீசில், பாட்டுப் படிக்கிற பிள்ளைகள் மாணவர்களே, கல்வி ஆபீசுக்குப் போம் என்றார்கள். ஒரு குமாஸ்தா, தமிழ்ப் பிள்ளைகள் என்றால் மதராசுக்கு எழுத வேண்டியதுதானே என்று வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு கேட்டான். மதராசுக்கும் எழுதினார். அங்கிருந்து, திருவனந்தபுரத்தில் விசாரிக்கவும் என்று பதில் வந்தது. தாம் ஒரு மனிதனா அல்லது இரண்டு ஆபீசுகளுக்கு நடுவே தட்டப்படுகிற பூப்பந்தா என்று செயலாளருக்கே சந்தேகம் வந்தது. பந்துக்காவது இடையில் ஒரு தடவை தரையில் விழுந்து கிடக்க முடிகிறது.

சனிக்கிழமைதோறும் கொட்டகையில் கமிட்டிக் கூட்டம். டீச்சர்மார் வந்து அவரைத் திட்டுவார்கள். கரமனைப் பாலவாடி லீலாபாய், இவர் ஆதரவு தருவதற்கு முன்னால் தங்களுக்கு ஆபீசில் உட்கார நாற்காலியாவது போட்டார்கள், இப்போது அதுவும் இல்லை என்றாள். அதில் உண்மை இருந்தது. திட்டுகளை ஒன்றுவிடாமல் அழகான கையெழுத்தில் நடவடிக்கைக் குறிப்பாக எழுதி, அடுத்த சனிக்கிழமை எழுந்து நின்று வாசிப்பார். ஆக, ஒவ்வொரு திட்டையும் இரண்டு தடவை வாங்கினார்.

அடுத்த ஓணம் நெருங்கியபோது அண்ணாச்சி அவரைக் கூப்பிட்டார். சாத்தூரிலிருந்து பெரிய லோடு வருகிறது, கொட்டகையை ஓணத்துக்கு முன்னால் காலி பண்ண வேண்டும், நோட்டீஸ் எழுது என்றார். மண்டியில் எழுதத் தெரிந்தவர் ஒருவர்தான். குற்றாலலிங்கம் காலையில் மண்டிக் கணக்குப்பிள்ளையாக உட்கார்ந்து, மேற்படி கமிட்டிச் செயலாளர் அவர்களுக்கு என்று விலாசமிட்டு நோட்டீஸ் எழுதினார். சாயங்காலம் அதைத் தானே பெற்றுக்கொண்டு கொட்டகைக்குப் போனார். இம்முறை குடையை வாசலிலேயே வைத்துவிட்டார்.

எலிசாள் படித்தாள். அவள் திட்டவில்லை. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது. பிள்ளைகளை அழைத்துப் போக வந்திருந்த தாய்மாரில் மாடம்மாளைக் கைகாட்டினாள். சாந்துச் சட்டி சுமக்கிறவள். அவள் இடுப்பில் நாலு வயசு பூமாரி.

"அந்தச் சின்னதுக்க இடுப்பைப் பாருங்க. தழும்பு தெரியுதா? இங்க வாரதுக்கு முன்ன, வேலைக்குப் போற எடத்துல தூணுல கட்டிப் போடுவா. சேலை முந்தியக் கிழிச்சு. எல்லா தாய்மாரும் அப்படித்தான். பிள்ளை சாரத்துக்குக் கீழ போய் நிக்கப்படாதே. இனி திரும்பக் கட்டுவாங்க. நோட்டீஸ் நல்ல கையெழுத்துல இருக்கு செக்ரட்டரி சாரே."

குற்றாலலிங்கம் தழும்பைப் பார்த்தார். பூமாரி அவரைப் பார்த்துத் தும்மினாள். பிறகு நடந்ததற்கு அவர் பொறுப்பில்லை என்றே சொல்ல வேண்டும். தும்மல் வருவதுபோல, தடுக்க நேரம் கிடைக்காமல், அவர் வாயிலிருந்து "தர்ணா" என்ற சொல் வந்துவிட்டது. செக்ரட்டேரியட் வாசலில் உட்காராத ஜாதியோ உத்தியோகமோ அந்த ஊரில் இல்லை. ஆனாலும் அந்தச் சொல் அவர் வாயிலிருந்து வந்ததாகக் கேள்விப்பட்ட லீலாபாய்க்கு ஒரு சோடா தேவைப்பட்டது.

தர்ணா அன்று ஊரிலுள்ள பாலவாடிகள் எல்லாம் அடைப்பு. ஆனால் தாய்மாருக்கு அடைப்பு இல்லையே. வேலைக்குப் போகிற வழியில் வழக்கம்போல் பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டார்கள். எலிசாள் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொள்ளச் செய்து, ரயில் வண்டிபோல் தம்பானூர் வழியாக ஓட்டிக்கொண்டு போனாள். உப்புமா வாளியும் பாய்க்கட்டும் ஒரு கைவண்டியில் பின்னால் வந்தன. இன்குலாப் சிந்தாபாத்தைப் பிள்ளைகள் டீச்சர்மாரைவிட வேகமாகப் பிடித்துக்கொண்டார்கள். அதற்குப் பொருள் கேட்காதவர்கள் அவர்கள் மட்டும் அல்ல.

வாசலில் போலீசு நின்றது. மைக்குக்கு அனுமதி இல்லை என்றார் இன்ஸ்பெக்டர். கொம்புமீசைக்காரர். உப்புமா வாளியைக் கண்டதும் இது சமரமா சத்யையா என்று மலையாளத்தில் கேட்டார். போராட்டமா விருந்தா என்று பொருள். போலீசுக்காரர்கள் சிரித்தார்கள். டீச்சர்மார் முகம் சுண்டிப் போயிற்று. பிள்ளைகளைக் காட்டிப் பிச்சை எடுக்கிறோமா என்று லீலாபாய் குற்றாலலிங்கத்திடம் பாய்ந்தாள். பிள்ளைகள் சாப்பிட்டு முடித்து வாசலை மறித்தாற்போல் ஓடி விளையாடினார்கள். மேகமூட்டம், வெயில் இல்லை. செயலாளர் பேச எழுந்தார். ஒருவரும் கேட்கவில்லை.

மைக் கிடைக்காது என்று அவர் முன்கூட்டியே யோசித்திருந்தார். வாழ்க்கையில் அவர் முன்கூட்டி யோசித்தது அது ஒன்றுதான். கொட்டகையில் ஆணியில் தொங்கிய பித்தளைக் கைமணியை யாரிடமும் கேட்காமல் எடுத்துத் துணிப்பையில் போட்டு வந்திருந்தார். கூட்டத்தை அமைதிப்படுத்த அதை எடுத்து ஓங்கி அடித்தார்.

"அடிக்காதீங்க" என்று எலிசாள் எழுந்தாள். தாமதமாகிவிட்டது.

கொட்டகையில் பிள்ளைகள் சாப்பிட்டு முடித்ததும் அடிக்கிற மணிக்கு அர்த்தம் ஒன்றே ஒன்று: படு. இரண்டு வருஷம், மூன்று வருஷம் அப்படிப் பழகிய பிள்ளைகள். ஓடியது நின்றது. பாய்க்கட்டு பிரிந்தது. பாய் கிடைத்தவர்கள் பாயிலும், கிடைக்காதவர்கள் கிடைத்த இடத்திலும், செக்ரட்டேரியட் பெரிய வாசலுக்குக் குறுக்கே வரிசை பிசகாமல் படுத்து, கட்டைவிரலை வாயில் போட்டுக்கொண்டு தூங்கிவிட்டார்கள். பூமாரிக்குத் தலைக்கு ஒன்றும் அகப்படவில்லை. இன்ஸ்பெக்டரின் பூட்ஸ் அகப்பட்டது.

உள்ளே இருந்து ஒரு பெரிய கார் வந்து வாசலில் நின்றது. டிரைவர் ஹார்னில் கை வைத்தான். இன்ஸ்பெக்டர் காலை அசைக்காமல் இடுப்புக்கு மேலே மட்டும் திரும்பி, கையை உயர்த்தித் தடுத்தார். அவருக்கும் வீட்டில் சிறிசுகள் உண்டு போலும். ஒன்று அழுதால் என்ன ஆகும் என்று தெரிந்த முகம் அது.

"எழுப்பு அவங்களை" என்று குற்றாலலிங்கத்திடம் தமிழும் மலையாளமுமாகச் சீறினார். ஆனால் குசுகுசுவென்று.

"இப்ப எழுப்பினா எல்லாரும் சேந்து அழுவாங்க சார்" என்றார் குற்றாலலிங்கம், அதே குசுகுசுப்பில். "எனக்கு அனுபவம் உண்டு."

அதற்குப் பிறகு அங்கே நடந்தது கடுமையான சண்டை. ஆனால் நூறடி தள்ளி நின்றவர்களுக்கு ஏதோ ஜெபக்கூட்டம் போல்தான் பட்டிருக்கும். சமூகநல ஆபீசர் ஒருவர் இறங்கி வந்தார். எல்லாரையும் உள்ளே தள்ளுவேன் என்றார், பிள்ளைகளைத் தாண்டித் தாண்டி நுனிக்காலில் நடந்துகொண்டே. லீலாபாய் அவரைத் திருடன் என்றாள், தாலாட்டுக் குரலில். யாரோ போய்ச் சொல்லி நெல்லையப்பன் அண்ணாச்சியும் டாக்சி பிடித்து வந்து இறங்கினார். இறங்கும்போதே "ஏல குத்தாலம்" என்று தொண்டையைத் திறந்தார். நாலு போலீசுக்காரர்கள் ஒரே நேரத்தில் உதட்டில் விரல் வைத்தார்கள். அண்ணாச்சியின் வேட்டியிலிருந்து மிளகாய்த் தூசி பறந்தது. தும்மல் வந்த இன்ஸ்பெக்டர் மூக்கையும் மீசையையும் சேர்த்துப் பொத்திக்கொண்டு கண்ணீர் விட்டார். பூமாரி பூட்ஸில் புரண்டு படுத்தாள்.

அண்ணாச்சி குற்றாலலிங்கத்தின் காதோரம் வந்தார். "என் உப்பத் தின்னுட்டு எனக்கே குழி வெட்டுதியாலே? நாளையிலேருந்து மண்டி வாசல்ல ஒன் நெழல் விழப்படாது. விழுந்தா காலை ஒடிச்சிருவேன்." மூச்சுக்காற்றாக வந்ததால் அது ஆசீர்வாதம் மாதிரியே இருந்தது. குற்றாலலிங்கம் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டார்.

ஆபீசருக்குக் கார் வெளியே போனால் போதும். அரசாங்கம் வேறு இடம் பார்த்துக் கொடுக்கும்வரை கொட்டகையைக் காலி செய்யச் சொல்ல மாட்டேன் என்று சொந்தக்காரர் எழுதிக் கொடுக்கட்டும், பாலவாடியைத் தன் ஆபீஸே ஏற்றுக்கொண்டதாகத் தானும் உத்தரவு தருகிறேன் என்றார். அண்ணாச்சி மறுத்துப் பேசப் பார்த்தார். அவருடைய பேரம் எல்லாம் குரலில்தான் இருந்தது. கம்போளத்தில் ஒரு கத்துக் கத்தினால் சாத்தூர் விலையே இறங்கும். குசுகுசுப்பில் அவரால் ஒரு காரணத்தைக்கூட முழுதாகச் சொல்ல முடியவில்லை. காரின் பின் சீட்டிலிருந்து ஒரு முகம் வேறு அவரையே பார்த்துக் கொண்டிருந்தது. கையெழுத்துப் போட்டார்.

உத்தரவு நாளைக்கு வரும் என்றார் ஆபீசர்.

எலிசாள் பிள்ளைகளுக்கு நடுவே உட்கார்ந்து ஈ ஓட்டிக் கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமல் சொன்னாள்: "பிள்ளையள் எழும்ப நேரம் கெடக்கு சாரே. பைய டைப் அடிச்சுக் கொண்டு வாங்க. நாங்க எங்கயும் போகல்ல."

டைப் அடித்து வந்தது. எலிசாள் அதை இரண்டு முறை படித்து, மடித்து, இடுப்பில் சொருகினாள். அப்புறம்தான் குற்றாலலிங்கத்தின் கையிலிருந்து மணியைப் பிடுங்கி, எழும்புகிற மணியை அடித்தாள். பிள்ளைகள் எழுந்தார்கள். தூங்கி எழுந்த இடம் கொட்டகை இல்லை, எதிரே காக்கிச் சட்டைகள் என்று கண்டதும் ஒரே குரலில் அழுதார்கள். இன்ஸ்பெக்டரின் தும்மல் கடைசியாக வெடித்தது. பூமாரி பூட்ஸை நனைத்திருந்தாள்.

ஓணம் கழிந்து வருஷாந்தரக் கூட்டம் கூடியது. தலைவர் வரவில்லை. பாலவாடியின் மணியை அனுமதியின்றி எடுத்துச் சென்றதற்காகவும், டீச்சர்மாரை நடுரோட்டில் கேலிக்கு ஆளாக்கியதற்காகவும் செயலாளரை நீக்க வேண்டும் என்று எலிசாள் தீர்மானம் கொண்டுவந்தாள். லீலாபாய் வழிமொழிந்தாள். எல்லாரும் கை தூக்கினார்கள். எல்லாரும் தூக்கிய வேகத்தில் குற்றாலலிங்கமும் தூக்கிவிட்டார். ஏகமனதாக நிறைவேறியது என்று நடவடிக்கைக் குறிப்பில் எழுதினார். கையெழுத்து நன்றாகவே இருந்தது.

மண்டி வேலை போய் ஒரு மாதம் ஆகிறது. தினமும் காலையில் மண்டிக்குப் போகிறவர் போலவே புறப்பட்டு, புத்தரிக்கண்டம் மைதானத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு வீடு திரும்புகிறார் என்பது சொர்ணம்மாளுக்குத் தெரியும். தெரிந்ததாக அவள் காட்டிக்கொள்ளவில்லை. குழாய் சொட்டிக் கொண்டுதான் இருக்கிறது. கூட்டத்தில் உட்கார்ந்திருந்த யாரும் அவர் வேலை போனதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் எழுந்து குடையைத் தேடினார்.

"வெறகு கீற ஆள் இல்ல" என்றாள் எலிசாள், பாயைச் சுருட்டியபடி. அவரைப் பார்த்துச் சொல்லவில்லை; சுவரைப் பார்த்துச் சொன்னாள். "உப்புமா வாளி தூக்கவும் ஆள் வேணும். ஆபீசுல பெரிசா ஒண்ணும் தர மாட்டாவ. மணியில மட்டும் கை வைக்கப்படாது."

மறுநாள் காலை அவர் விறகு கீறினார். கோடாலி தவறி ஒரு தடவை தன் செருப்பையே கீறினார். மதியம் மணி அடித்தது. பிள்ளைகள் படுத்தார்கள். எலிசாள் சுவரோரம் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். குற்றாலலிங்கம் வாசற்படியில் உட்கார்ந்து, குடையை இரண்டு கையாலும் மார்போடு சேர்த்து இறுக்கிப் பிடித்துக்கொண்டார். தும்மல் வந்தது. விழுங்கினார்.